கையெழுத்து கேட்கும் முன் கணக்கைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வுபெற்றவன் நான். பழைய ஓய்வூதியம் என்பதால் மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடுகிறது. அகவிலைப்படி ஏறினால் அதுவும் சேர்கிறது. என் மகனும் காவலர்தான். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவன் என்பதால், அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பிடித்து, அரசும் அதே அளவு போடும் பங்களிப்பு ஓய்வூதியத்தில்தான் அவனைச் சேர்த்தார்கள்.

அவனோடு பயிற்சி முடித்த ஒருவர் திருவிழா பந்தோபஸ்தில் மயங்கி விழுந்து இறந்துபோனார். அவர் மனைவியின் கைக்கு மொத்தமாக ஒரு தொகை வந்தது. வீட்டுக் கடன் போக மிச்சம் இருந்ததைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கரைத்துவிட்டது. என் காலத்தில் இறந்தவர்களின் மனைவிமாருக்கு மாதாமாதம் குடும்ப ஓய்வூதியம் வந்ததைப் பார்த்தவன் நான். மனசு ஆறவில்லை.

மத்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத்தைக் கொண்டுவந்து, ஏற்கெனவே இருந்த பங்களிப்புத் திட்டமா, இதுவா என்று தன் ஊழியர்களையே தேர்வு செய்யச் சொன்னது. அடிப்படைச் சம்பளத்தில் முழுசாக 50 சதவீதம் ஓய்வூதியம் வேண்டுமானால் 25 ஆண்டுப் பணி வேண்டும். 10 ஆண்டு முடித்தால் மாதம் குறைந்தது 10,000 ரூபாய். ஓய்வூதியர் இறந்தால் துணைவருக்கு அதில் 60 சதவீதம். சரி, மாநில அரசும் இப்படித் தேர்வு செய்யச் சொன்னால், இரவு ரோந்து முடித்துவிட்டு வரும் காவலர் இதையெல்லாம் சுற்றறிக்கையைப் படித்தே புரிந்துகொள்வாரா? ஆசிரியர்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் விளக்கிச் சொல்லச் சங்கங்கள் இருக்கின்றன. காவலர்களுக்கு அந்த வழி இல்லை. பக்கத்தில் இருப்பவர் எதில் கையெழுத்துப் போட்டாரோ அதிலேயே இவரும் போடுவார்.

மாநில அரசு காவலர்களிடம் எந்தத் திட்டத்துக்கு விருப்பம் கேட்டாலும், முதலில் ஒவ்வொருவர் கையிலும் அவரவர் சம்பளத்தை வைத்துப் போட்ட கணக்கைக் கொடுக்கட்டும். 60 வயதில் ஓய்வுபெற்றால் எவ்வளவு, உடம்பு முடியாமல் விருப்ப ஓய்வில் போனால் எவ்வளவு, பணியில் இருக்கும்போதே இறந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கான பதில்தான் காவலர் வீட்டில் முதலில் தெரிய வேண்டியது. அதனால் மனைவியையும் அழைத்து, மாவட்டக் காவல் அலுவலகத்தின் சம்பளப் பிரிவினரே விளக்கட்டும். அதை வார ஓய்வு நாளில் வைக்காமல், பணி நேரத்திலேயே வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்,
விருதுநகர் மாவட்டம்.