உங்கள் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிடப் போகிறேன், அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் வந்து, கார் கேம் ஆடுகிற உங்கள் ஸ்டியரிங் செட்டை எடுத்துக்கொண்டு போகிறான். லாஜிடெக் ஜி27, பெடல்கள், கியர் ஷிஃப்டர், உக்கடத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய அந்த மாருதி 800 சீட், ஆவாரம்பாளையத்துப் பட்டறையில் வெல்டிங் வைத்த ஃபிரேம், எல்லாம் சேர்த்து. வாட்ஸ்அப்பில் சொன்னால் நீல டிக்கோடு நின்றுவிடுகிறது. ஆனால் கேம் பற்றி நான் எழுதுவதை ஒன்று விடாமல் படிக்கிறீர்கள். எழுத்துப்பிழை கண்டுபிடித்து அனுப்ப உங்களுக்கு எப்போதும் நேரம் இருக்கிறது. அதனால்தான் இங்கே.

காரணம் உங்களுக்கே தெரியும். உங்கள் அம்மாவுக்கு, என் பெரியம்மாவுக்கு, மாடிப்படி இனி ஆகாது என்று டாக்டர் சொன்னது தெரியும். கீழே இருப்பது அந்த ஒரு அறைதான். கட்டில் போட வேண்டும், வாக்கரைத் திருப்ப இடம் விட வேண்டும், ராத்திரியில் துணைக்கு ஒருவர் படுக்க வேண்டும். உங்களைக் கேட்காமல் முடிவு செய்ததற்கு மன்னியுங்கள். கேட்டிருந்தால், ‘டிசம்பர்ல வர்றேன், அதுவரைக்கும் இருக்கட்டும்’ என்றிருப்பீர்கள். டிசம்பர் வருடா வருடம் வருகிறது. நீங்கள் வந்த டிசம்பர் எது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.

சரி, ஸ்டியரிங்கா, ரிமோட்டைச் சாய்த்து ஓட்டுவதா என்ற நம் பழைய சண்டைக்கு வருகிறேன். முதலில் உங்கள் பக்கத்து நியாயம். கார் ஓட்டுகிற உணர்வு வேண்டுமென்றால், ஸ்டியரிங் கையைத் திருப்பித் தள்ளுகிற ஃபோர்ஸ் ஃபீட்பேக் இல்லாமல் கிடைக்காது. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஜி27க்குள் இரண்டு மோட்டார்கள். வளைவில் முன் டயர் தரையைப் பிடித்திருக்கும் வரை ஸ்டியரிங் கனக்கும், கையை எதிர்க்கும். டயர் பிடி விட ஆரம்பித்ததும் சட்டென்று லேசாகும். திரையில் கார் வழுக்குவதைக் கண் பார்ப்பதற்குள் கைக்குத் தெரிந்துவிடும். இந்தப் பக்கம் முட்டியதிலிருந்து அந்தப் பக்கம் முட்டும்வரை 900 பாகை, இரண்டரைச் சுற்று. நிஜக் காருக்குப் பழகிய கை அதில் தடுமாறுவதில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். கிரான் டூரிஸ்மோ 5 (ஜிடி5) கேமில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸ் தடம், அந்தப் பழைய இருபது கிலோமீட்டர் சுற்று. நான் சீட்டில். நீங்கள் பின்னால் நின்று என் கைகளின் மேல் உங்கள் கைகளை வைத்து, ‘இப்ப லேசாச்சு பாரு. இன்னும் திருப்பாத. கொஞ்சம் விடு’ என்றீர்கள். விட்டேன். நேரே வேலியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த கார் தானாக உள்ளே திரும்பியது. அந்த வயதில் எனக்கு யாரும் எதையும் அவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தந்ததில்லை, பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் உட்பட.

அதே பொறுமை உங்கள் அம்மாவிடம் ஏன் இல்லை என்றுதான் இன்னும் எனக்குப் புரியவில்லை.

நீங்கள் மறந்திருப்பீர்கள். 2012, மின்வெட்டு வருடம். கோவையில் பல நாள் ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. நம் வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் ட்யூப் லைட்டுக்கும்தான். அன்றைக்கு ஆறு மணிக்கு வந்த கரண்ட் ஏழுக்குப் போக வேண்டியது. சித்தப்பா வீட்டுப் பொடிசுகள் வந்திருந்தன, நான் நிண்டெண்டோ வீயை டிவியில் இணைத்து மரியோ கார்ட் போட்டேன். ரிமோட்டைச் செருகி ஓட்டுகிற அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் வளையம் ஒன்றுதான் இருந்தது, கை மாற்றிக் கை மாற்றி ஆடினோம். அடுக்களையிலிருந்து பெரியம்மா வந்தார். ‘இதென்ன கண்ணு, தட்டாட்டம் இருக்குது?’ என்று கையில் வாங்கிப் பார்த்தார். ஓட்டிப் பாருங்கள் என்று உட்காரவைத்துவிட்டோம்.

டவுன் பஸ் டிரைவர் பிடிப்பதைப் போல வளையத்தை மடிமேல் படுக்கவைத்துப் பிடித்துத் திருப்பினார். வண்டி திரும்பவே இல்லை. அவர்மேல் தப்பில்லை. அந்த ரிமோட்டுக்குள் இருந்தது ஆக்சிலரோமீட்டர். புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை வைத்துத்தான் அது தன் சாய்வைக் கணக்கிடும். வளையத்தை முகத்துக்கு நேராக நிறுத்திச் சாய்த்தால் அந்தத் திசை மாறும், வண்டி திரும்பும். படுக்கவைத்துச் சுற்றினால் இழுப்பு எப்போதும் ஒரே பக்கம்தான், எவ்வளவு சுற்றினாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. அதைப் பிடிக்கச் சுழற்சியை உணரும் ஜைரோ வேண்டும். அது மோஷன் பிளஸ் என்ற தனிச் சாமானாக 2009இல்தான் வந்தது. மரியோ கார்ட் வந்தது 2008இல். ‘தூக்கிப் புடிங்க பெரியம்மா, முகத்துக்கு நேரா’ என்றேன். தூக்கினார். வண்டி திரும்பியது. உடம்பும் கூடவே திரும்பியது. சோபாவில் பக்கத்தில் இருந்த பொடிசு நசுங்கியது.

இரண்டாவது ரேஸ் மூ மூ மெடோஸ். பச்சைப் புல்வெளி, தடத்தின் குறுக்கே மாடுகள் நடந்து போகும். இடித்தால் வண்டி தட்டாமாலை சுற்றும், அவ்வளவுதான். பெரியம்மா பொள்ளாச்சிப் பக்கம் மாட்டுக்குள்ளேயே வளர்ந்தவர். மாட்டைப் பார்த்ததும் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டார். ‘மாடு போயிரட்டும், இரு.’ பதினோரு வண்டிகளும் அவரைத் தாண்டிப் போய்விட்டன. மாடு நகரவில்லை. ‘ஹை! அக்கட்டப் போ!’ என்று டிவியைப் பார்த்து அதட்டினார். பொடிசுகள் தரையில் புரண்டு சிரித்தன.

அப்போதுதான் வந்தீர்கள். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. கடிகாரத்தைப் பார்த்தீர்கள், டிவி ரிமோட்டை எடுத்தீர்கள், இன்புட்டை மாற்றினீர்கள். பெரியம்மாவும் மாடும் திரையிலிருந்து போய் உங்கள் ஜிடி5 வந்தது. ‘இந்தப் பொம்மையத் தூக்கி வைங்க, கரண்ட் போயிரும். இதெல்லாம் ஓட்டறதே இல்ல. கையத் திருப்பி உதைக்காதது ஸ்டியரிங்கே இல்ல.’ பெரியம்மா வளையத்தைச் சோபாமேல் வைத்தார். ‘நீ ஓட்டு சாமி’ என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஏழு மணிக்கு நீங்கள் பாதிச் சுற்றில் இருக்கும்போது கரண்ட் போனது. இருட்டில் சிரித்தது நான்தான். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

அந்த ஒரு மணி நேரத்துக்காக நீங்கள் நாள் முழுக்கக் காத்திருந்தீர்கள் என்பது இப்போது புரிகிறது. மில்லில் ஷிஃப்ட் முடித்து, அந்த டிராஃபிக்கில் வண்டி ஓட்டி வந்து, உங்களுக்கென்று இருந்தது அந்த இருபது கிலோமீட்டர்தான். புரிகிறதே ஒழிய ஆறவில்லை.

உங்கள் கட்சிக்குச் சாட்சி எவ்வளவோ இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 2006இல் சோனி பிளேஸ்டேஷன் 3க்குச் சிக்ஸாக்ஸிஸ் என்ற கைப்பேடைக் கொண்டுவந்தபோது, அதிர்வு மோட்டார் அசைவு சென்சாரைக் கெடுக்கும் என்று சொல்லி அதிர்வையே எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடமே டூயல்ஷாக் 3இல் இரண்டையும் ஒன்றாக வைத்தார்கள். மோட்டார்ஸ்டார்ம் கேமைப் பேடைச் சாய்த்தே ஓட்டலாம் என்று நான் காட்டியதற்கு நீங்கள் சிரித்த சிரிப்பு நியாயமானதுதான். உடம்பின் அசைவைக் கேமராவால் பார்க்கிற எக்ஸ்பாக்ஸின் கினெக்ட் அதற்கும் மேல். ஃபோர்ஸா 4 எவ்வளவு நல்ல கேம்! அதில் வெறும் கையைக் காற்றில் நீட்டி, இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னார்கள். ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் கேமே பார்த்துக்கொள்ளும். ஓட்டுவதற்கு என்ன மிச்சம்? கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை விட்டுப்போகும். அதை இன்றைக்கும் நான் தாங்கிப் பேச மாட்டேன்.

ஆனால் எக்ஸைட் ட்ரக்கை நீங்கள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் வீயோடு சேர்ந்தே வந்த கேம். வண்டி மேட்டில் ஏறி வானத்தில் பறக்கும்போது ரிமோட்டைச் சாய்த்து நான்கு சக்கரமும் ஒன்றாகத் தரையில் படுகிற மாதிரி இறக்கினால் ஒரு வேகம் கிடைக்கும். அந்தரத்தில் இருக்கிற டயருக்கு ஏது தரை, ஏது பிடி? உங்கள் இரண்டு மோட்டாருக்கும் அங்கே சொல்ல ஒன்றுமில்லை. அங்கே சாய்ப்புதான் சரியான கருவி. அசைத்து ஓட்டுகிற இந்த மோஷன் கன்ட்ரோல் தோற்ற இடமெல்லாம் அதை ஸ்டியரிங்காக வேஷம் கட்டவைத்த இடம் என்பது என் கருத்து.

நான் இப்போது ஜிடி7ஐப் பேடில் ஜைரோ போட்டுத்தான் ஓட்டுகிறேன், தெரியுமா? ஸ்டிக்கில் கட்டைவிரல் நகர இருக்கிற இடம் கொஞ்சம். பேடையே திருப்பும்போது இரண்டு மணிக்கட்டும் வேலை செய்கின்றன, கால்வாசி அரைக்கால்வாசியாகத் திருப்ப முடிகிறது. நீண்ட வளைவில் கார் ஆடாமல் நிற்கிறது. ஆனால் நடு எது என்று கை தானாக உணராது, அதற்கும் கண்தான் வேண்டும். பிடி விடுவதும் கைக்குத் தெரியாது. உங்கள் பழைய நேரத்தை நான் எட்டவில்லை. எட்டவும் மாட்டேன், சரியா? ஆட்டம் முடிந்ததும் பேடை டிராயரில் போட்டு மூட முடிகிறது. அறைக்கு நடுவில் அது நிற்பதில்லை.

பெரியம்மாவுக்கு ஆபரேஷன் என்று நான் அனுப்பியதற்கு ஒரு கைகூப்பும் பொம்மை வந்தது. அந்த வாரமே ஒரு குரல் பதிவு: ‘வீலு மேல தூசி படாம மூடி வெச்சிருக்கியா?’ மூடி வைத்திருந்தேன். பெரியம்மாவின் பழைய சேலையால்தான்.

இதற்கு மேல் இங்கே வேண்டாம். உங்கள் மாமனார் வீட்டிலும் படிப்பார்கள். பெரியம்மாவுக்கும் யாராவது படித்துக் காட்டிவிடுவார்கள். உங்களுக்கு அங்கே என்னென்ன பாடு என்று எனக்கும் முழுக்கத் தெரியாது. இன்னொரு விஷயம், வீடு சம்பந்தப்பட்டது, அதை நேரில் பேசிக்கொள்வோம். அதற்கும் ஸ்டியரிங்குக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்று மட்டும் எல்லோர் முன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஜெர்மனியிலிருந்து நீங்கள் போட்ட அந்தப் படத்தை எத்தனை பேருக்குக் காட்டினேன் தெரியுமா? நிஜ நூர்பர்க்ரிங்கில், காசு கட்டினால் யாரும் ஓட்டலாம் என்கிற நாளில், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் நிற்கிற படம். சின்னதில் என்னைச் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேக்குக் கூட்டிப்போய் வேலியோரம் நிற்கவைப்பீர்களே, அந்த முகம் அப்படியே இருந்தது. பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன், கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுவதற்கு. நிஜத் தடத்தில் ஓட்டிவிட்ட ஆளுக்கு இந்த செட் எதற்கு என்றும் ஒரு பக்கம் தோன்றியது. பொறாமைதான், வேறென்ன.

பெரியம்மா இப்போது பாப்பாவோடு நிண்டெண்டோ ஸ்விட்சில் மரியோ கார்ட் 8 ஆடுகிறார். அதில் மூ மூ மெடோஸ் இருக்கிறது. தடத்தை விட்டு விழாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்மார்ட் ஸ்டியரிங்கைப் போட்டுக் கொடுத்தேன். வண்டிக்குப் பின்னால் ஆன்டெனா நீட்டிக்கொண்டிருப்பதைப் பாப்பா கண்டுபிடித்து, ‘அப்பத்தா சீட்டிங்’ என்று கத்துகிறாள். பெரியம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. தானாக ஓடும் ஆட்டோ ஆக்சிலரேட்டை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். மாடு வந்தால் நிறுத்த வேண்டுமாம்.

செட்டை வாங்குகிற பையன் நம் ஊர் இன்ஜினீயரிங் கல்லூரியில் படிக்கிறான். வந்து உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தான். நீங்கள் சொல்கிற அதே இடத்தில் கையை லேசாக விட்டான், யாரும் சொல்லாமலேயே. அதற்காகவே விலையைக் குறைத்தேன். ஃபிரேமின் இடது கால் ஆடும் என்பதையும் சொல்லிவிட்டேன். வருகிற பணத்தில் பாத்ரூமுக்குக் கைப்பிடிக் கம்பி வைக்கிறேன். மிச்சம் உங்கள் கணக்குக்கு வரும், ரசீதோடு.

கியர் குமிழைக் கழற்றி உங்களுக்காக எடுத்து வைக்கலாமா என்று யோசித்தேன். குமிழ் இல்லாமல் அந்தப் பையன் என்ன செய்வான் என்கிறாள் உங்கள் தம்பி மனைவி. வேண்டுமென்றால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அவனிடம் பேசிப் பார்க்கிறேன். பதில் வராவிட்டால் குமிழும் போகும். எனக்குப் பதில் எழுத உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நேரே பெரியம்மாவைக் கூப்பிடுங்கள். எட்டு மணிக்குப் படுத்துவிடுகிறார். அங்கே அப்போது பிற்பகல்தான்.

உங்கள் தம்பி