வெறுங்கையால் பிடித்த பந்துக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

சென்ற ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிகாகோ நகரின் வடபகுதியிலுள்ள வாரன் பூங்காவில், பேஸ்பால் வகையைச் சேர்ந்த சாஃப்ட்பால் ஆடும் எங்கள் பழைய குழு இருபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் ஒன்றுகூடி, ஏழு இன்னிங்ஸ் முழுவதையும் ஆடி முடித்தது. அந்த ஒரு நாளை நடத்திக்கொடுத்தவர்களுக்கும், 1983 முதல் 2001 வரை அதே மைதானத்தில் என்னைத் தங்களில் ஒருவனாக வைத்துக்கொண்டவர்களுக்கும் நன்றி சொல்ல இந்த மடலை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதிய அரைப் பக்கத்தை அன்று மைதானத்திலேயே படித்துவிட்டேன். ஆனால் மனத்தில் கிடப்பதை முழுதாகச் சொல்ல எனக்குத் தமிழ்தான் கைகொடுக்கும். தவிர, நன்றிக்கு உரியவர்களில் பலர் தமிழ்க் குடும்பத்தினர். அவர்களுடைய பிள்ளைகள், தம் பெற்றோர் ஒரு முழு நாளை எதற்காகச் செலவிட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் விரும்புகிறேன்.

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சில வரிகள் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மற்ற ஊர்களில் சாஃப்ட்பால் என்றால் 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்தும், அதைப் பிடிக்கத் தோல் கையுறையும் உண்டு. சிகாகோவில் பந்தின் சுற்றளவு 16 அங்குலம். உரித்த தேங்காய்ப் பருமன் இருக்கும். கையுறை கிடையாது, தடுப்பில் நிற்கும் பத்துப் பேரும் வெறுங்கையாலேயே பிடிக்க வேண்டும். உறையிலிருந்து எடுத்த புதுப் பந்து கல் மாதிரி இருக்கும். ஆட்டம் போகப்போக அடிபட்டு இளகி, கடைசி இன்னிங்ஸில் பஞ்சுத் தலையணையைப் பிடிப்பது போல் ஆகிவிடும். பெரிய பந்து வெகுதூரம் பறக்காது என்பதால் பள்ளிக்கூட முற்றமும் சிறிய பூங்காவுமே போதும். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், வேலையிழந்த குடும்பங்கள் நிறைந்த தெருக்களில் இந்த ஆட்டம் வேரூன்றியதற்குக் காரணமும் அதுதான். ஒரு பந்து, ஒரு மட்டை, அவ்வளவே செலவு. இருபது பேர் ஒரு மாலைப் பொழுதைக் கழித்துவிடலாம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் எங்கள் கேப்டன். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மட்டை பிடிக்கும் முறை வராமல் காத்திருக்கும் நேரங்களில், நீண்ட மரப் பலகையில் என் பக்கத்தில் அமர்ந்து கதை சொல்வார். 1887-ஆம் ஆண்டு நவம்பரில், நன்றி நவிலல் நாளன்று, சிகாகோவின் ஃபாரகட் படகு மன்றத்தில் யேல், ஹார்வர்ட் கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்ட முடிவுக்காகக் காத்திருந்த இளைஞர்களில் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைத் தூக்கி எறிய, இன்னொருவர் அதைக் கோலால் திருப்பி அடிக்க, அதைக் கண்ட ஜார்ஜ் ஹான்காக் அந்தக் கையுறையையே சுருட்டிக் கட்டிப் பந்தாக்கினார். சாஃப்ட்பால் அங்கே பிறந்தது. சிகாகோ நாளிதழ்ப் பத்தி எழுத்தாளர் மைக் ராய்க்கோ, 1977-ல் கிராண்ட் பூங்கா ஆட்டங்களில் கையுறை அணிய அனுமதி தரப்பட்டபோது நீதிமன்றம் சென்று வெறுங்கை ஆட்டத்துக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றுவந்த கதையை, கேப்டன் ஒவ்வோர் ஆண்டும் முதல் ஆட்டத்தன்று தவறாமல் சொல்வார். ராய்க்கோ 1997 ஏப்ரலில் காலமானார். அந்த ஆண்டின் முதல் ஆட்டத்தன்று கேப்டன் கதையைச் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிச் சிறிது நேரம் நின்றார். நாங்களும் உடன் நின்றோம்.

அந்தக் கேப்டனுக்கு நான் பட்டிருக்கும் கடன் 1983 மே மாதத்தில் தொடங்கியது. அமெரிக்காவுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. டெவன் அவென்யூ இந்தியக் கடையில் கத்திரிக்காயும் துவரம் பருப்பும் வாங்கிக்கொண்டு, பூங்காவின் நடைபாதை வழியே வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அடித்த பந்து ஒன்று எல்லையைத் தாண்டி என்னை நோக்கி வந்தது. பையைக் கீழே போட்டுவிட்டு இரு கைகளையும் ஏந்தி, பந்தின் போக்கிலேயே நெஞ்சுக்கு இழுத்துப் பிடித்தேன். அது பாளையங்கோட்டைக் கல்லூரி மைதானத்தில் கார்க் பந்தைப் பிடித்துப் பிடித்துக் கைக்கு வந்த பழக்கம். ஆட்டம் நின்றது. கேப்டன் நடந்துவந்து, சிதறிக் கிடந்த கத்திரிக்காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக் கொடுத்தபின், ஓர் ஆள் குறைகிறது, வர முடியுமா என்று கேட்டார். என் பெயரையோ, ஊரையோ, வேலையையோ அவர் அப்போது கேட்கவில்லை. அதுவரையில் அந்த நகரத்தில் என்னிடம் யாரும் எதற்கும் வர முடியுமா என்று கேட்டதில்லை. கையுறை தேவைப்படும் ஆட்டமாக இருந்திருந்தால், அந்த மாதச் சம்பளத்தில் எனக்கு ஒன்றை வாங்க வழியும் இருந்திருக்காது. ஷார்ட் சென்டர் என்று சொல்லப்படும், உள்வட்டத்துக்குச் சற்று வெளியே நிற்கும் பத்தாவது ஆளின் இடத்தை அன்று எனக்குக் கொடுத்தார். பதினெட்டு ஆண்டுகள் அந்த இடத்திலேயே நின்றேன்.

அடுத்த நன்றி, எங்கள் முதல் தளத்து (ஃபர்ஸ்ட் பேஸ்) ஆட்டக்காரருக்கு. ஈராக்கிலிருந்து வந்த அசிரியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். டெவனுக்குப் பக்கத்துத் தெருவில் மெக்கானிக் கடை வைத்திருந்தார். கிரிக்கெட்டில் மட்டையோடு ஓடிப் பழகிய நான், அடித்தபின் மட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு முதல் தளத்துக்கு ஓடிவிடுவேன். இந்த ஆட்டத்தில் மட்டையைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். எத்தனை முறை சொல்லியும் எனக்கு மறந்துபோகும். ஒரு நாள் அவர் என்னை ஓரமாக அழைத்து, உங்கள் மொழியில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அன்று முதல், நான் பந்தை அடித்த கணத்தில் மைதானத்தின் மறுகோடியிலிருந்து "போடு! போடு!" என்று தமிழில் ஒரு குரல் வரும், கை தானாக மட்டையை விட்டுவிடும். அந்தப் பரபரப்பில் என் காதில் விழக்கூடியது என் தாய்மொழி மட்டுமே என்று புரிந்துகொண்ட மனிதர் அவர். சென்ற ஆகஸ்டில் முழங்கால் அறுவை முடிந்து ஊன்றுகோலுடன் வந்து, முதல் தளத்தின் அருகே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். நான் மூன்றாவது இன்னிங்ஸில் பந்தை அடித்தபோது, அதே சொல் அதே குரலில் வந்தது.

1988-ல் என் வலக்கை மோதிர விரல் முறிந்தது. புதுப் பந்து, முதல் இன்னிங்ஸ், உயரத்திலிருந்து நேராக விரல் நுனியில் இறங்கியது. இந்த ஆட்டத்தை ஆடியவர்களில் வளையாத விரல் உள்ளவர்கள் குறைவு என்பதால் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று என் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. குழுவில் இருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தம் காரில் என்னை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, எங்களைக் கவனிக்க ஆள் வரும்வரை நான்கு மணி நேரம் கூடவே காத்திருந்தார். அவருடைய மனைவி அதே நேரத்தில் எங்கள் வீட்டுக்குச் சென்று, என் மனைவி பயப்படாதபடி துணையிருந்தார். அவர்கள் சப்பாத்தை, அதாவது வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையிலான ஓய்வு நாளை, கடைப்பிடிக்கும் யூதக் குடும்பத்தினர். அவர்களைப் போன்ற நான்கு பேருக்காகவே எங்கள் குழு வெள்ளி மாலையிலும் சனிக்கிழமையிலும் ஒருபோதும் ஆடியதில்லை. ஞாயிறு காலையும் புதன் மாலையும்தான் ஆட்டம். ஜூன் மாதத்தில் எட்டரை மணிவரை வெளிச்சம் இருக்கும் அந்தப் புதன்கிழமைகளை நினைத்தால், வெட்டிய புல்லின் மணம் இன்றைக்கும் வருகிறது.

வாரன் பூங்கா என்று ஒன்று இருப்பதற்கே சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த நிலம் முன்பு தனியார் கோல்ஃப் மன்றத்துக்குச் சொந்தமாயிருந்தது. அங்கே அடுக்குமாடிகள் எழவிருந்ததை எதிர்த்து அக்கம்பக்கத்து மக்கள் போராடியதால்தான் அது பொதுப் பூங்காவானது. நான் வரும்போது அந்தப் போராட்டம் முடிந்துவிட்டது. அதன் பலனை மட்டும் அனுபவித்தேன். 1934-ல் 22 தனித்தனி அமைப்புகளை ஒன்றாக்கி உருவான சிகாகோ பூங்கா நிர்வாகத்தின் ஊழியர்களையும் நினைக்கிறேன். மழை பெய்து ஓய்ந்த காலைகளில், ஆட்டம் நின்றுபோகக் கூடாது என்று தளங்களைச் சுற்றித் தேங்கிய நீரைத் துடைப்பத்தால் தள்ளி, உலர்ந்த மண் தூவி, சுண்ணாம்புக் கோட்டைப் புதிதாக இழுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அதற்காக அவர்கள் எங்களிடம் ஒரு கோப்பைக் காப்பியைக்கூட எதிர்பார்த்ததில்லை.

இனி, அந்த ஆகஸ்ட் நாளுக்கு வருகிறேன். பழைய ஆட்டக்காரர்கள் பதினாறு பேரைத் தேடிக் கண்டுபிடித்தது, இன்று புறநகரில் வசிக்கும் மதுரைக்காரத் தங்கை ஒருவர். அவருக்கு இந்த ஆட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. என் மகளின் தோழி என்ற ஒரே உறவுக்காக, இரண்டு மாதம் மாலை வேளைகளில் தொலைபேசியில் உட்கார்ந்தார். இரண்டு பேர் காலமாகியிருந்ததை அவர்கள் வீட்டாரிடம் கேட்டறிந்து, அதை என்னிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுதும் யோசித்துவிட்டுச் சொன்னார். மைதானத்துக்கான பர்மிட்டை வாங்கித் தந்த தம்பி, அந்தக் காலை வேறு எவருக்கும் ஒதுக்கப்படாமல் இருக்க மூன்று முறை அலுவலகம் சென்றுவந்தார். ஓட முடியாதவர்களுக்குப் பதிலாகத் தளங்களுக்கிடையே ஓடிய கல்லூரிப் பிள்ளைகள் ஆறு பேரும், எங்கள் வேகத்துக்குத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டது எனக்குத் தெரியும், சொல்லாமல் செய்தார்கள். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் மோரும் ஐம்பது பேருக்குச் செய்து கொண்டுவந்த நான்கு குடும்பத்தினர், சப்பாத் குடும்பத்தாரின் உணவு விதிகளை முன்கூட்டியே கேட்டு, அவர்களுக்கென்று பழங்களையும், பிரிக்காத உறையுடன் முறைப்படி முத்திரையிட்ட உணவையும் தனியே வாங்கி வைத்திருந்தார்கள். பள்ளி ஆசிரியரின் மனைவி அதைக் கண்டு கண் கலங்கினார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேப்டனின் மகளுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? கேப்டன் 2009-ல் மறைந்தார். அவர் கைப்பட எழுதிய ஸ்கோர் நோட்டுகள் பதினொன்றை, அந்த அம்மையார் ஒரு காலணிப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து அன்று எடுத்துவந்தார். முதல் நோட்டில், 1983-ஆம் ஆண்டுப் பக்கத்தில், ஆட்டக்காரர் பெயருக்கான சிறு கட்டத்தில் "புதியவர்" என்று மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து என் பெயரின் முதல் மூன்று எழுத்து. ஜூலை மாதப் பக்கத்தில், என்னை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிய நாள் எனக்கு நினைவிருக்கிறது, ஆங்கிலத்தில் பதினான்கு எழுத்து வரும் என் முழுப் பெயர், அந்தக் கட்டத்துக்குள் அடங்காமல், கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்திலும் பாதி ஏறி நிற்கிறது. அதன்பின் பதினொரு நோட்டிலும் ஒரு முறைகூட அவர் அதைச் சுருக்கி எழுதவில்லை. அலுவலகத்தில் என் பெயரை இரண்டெழுத்தாக்கிக் கூப்பிட்ட காலம் அது.

நோட்டுகளின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வைத்திருக்கிறோம். பழைய ஆட்டக்காரர்களின் குடும்பத்தார் யார் கேட்டாலும் பிரதி அனுப்புவோம். மைதானத்தில் விட்டுப்போன நீல நிறத் தண்ணீர்க் குப்பியும் சிறுவர் தொப்பி ஒன்றும் என்னிடம் உள்ளன. அன்று ஆடிய பந்தில் அனைவரும் கையெழுத்திட்டுக் கேப்டனின் மகளிடம் கொடுத்தோம். அவர் அன்று முழுவதும் தந்தையின் இடத்தில் அமர்ந்து பன்னிரண்டாவது நோட்டில் ஸ்கோர் எழுதினார். ஆட்டம் முடிந்து கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஷார்ட் சென்டருக்கு நேரே என் முழுப் பெயரும், அடுத்த கட்டத்தில் பாதி ஏறியபடி, பென்சிலில் எழுதப்பட்டிருந்தது.

என்றும் நன்றியுடன்,
வாரன் பூங்காவின் பழைய ஷார்ட் சென்டர் ஆட்டக்காரன்