கிரில் கேட்டுக்கு வைக்கிற சூடு வீலுக்கு ஆகாது

கோவை பவுடர் கோட்டிங் பட்டறை அண்ணன்மாருக்கு,

வணக்கம். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே, அதாவது சொந்த வண்டியைப் பந்தயத் தளத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள், நடக்கும்போதெல்லாம் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போகிறவன் நான். எங்கள் ஃபோர்ஜ்டு (அழுத்தி உருவாக்கிய) அலுமினிய வீல்களை, பவுடர் தூவி ஓவனில் வேகவைத்து நிறம் ஏற்ற, உங்களிடம்தான் கொண்டுவருகிறோம். கறுப்பு வேண்டும், வெண்கல நிறம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அந்த வீல் எங்கே ஓடப்போகிறது என்று சொல்வதில்லை. அது எங்கள் தப்பு. அதனால்தான் இப்போதாவது எழுதுகிறேன்.

போன வருடம் பழைய ஃபோர்ஜ்டு வீல் ஒரு செட் வாங்கி, ஒரு பட்டறையில் கறுப்பு அடித்தேன். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. டிராக்கில் முதல் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, சரியான முடுக்கம் வந்ததும் க்ளிக் என்று சொல்லும் டார்க் ரெஞ்சை வைத்தால், மூன்று நட்டுகள் கால் சுற்று சுற்றிய பிறகுதான் க்ளிக் சத்தம் கேட்டது. முடுக்கிவிட்டு இன்னொரு முறை ஓட்டினேன், மறுபடி அதே கதை. கழற்றிப் பார்த்தேன். நட் உட்காரும் குழியில் பவுடர் நசுங்கிப் பிதுங்கியிருந்தது. ஹப்பில் ஒட்டும் பின்முகம் முழுக்கவும் கோட்டிங்.

நட்டை முடுக்கும்போது, அது ஏறும் போல்ட்டான ஸ்டட் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இழுபடும். அந்த இழுவிசைதான் வீலைப் பிடித்து வைத்திருக்கிறது. நீங்கள் அடிக்கும் கோட்டிங்கோ 60 முதல் 100 மைக்ரான், அதாவது கிட்டத்தட்ட அதே அளவு. பிரேக் சூட்டில் அது இளகி நசுங்கினால் ஸ்டட்டின் இழுவிசையில் பெரும்பகுதி போய்விடும். அந்தக் குழியையும் பின்முகத்தையும் மறைக்க மாஸ்கிங் டேப்பும் சிலிகோன் பிளக்கும் போட அரை மணி நேரம் ஆகுமா? அதற்குத் தனிக் காசு கேளுங்கள், தருகிறோம்.

சூடு இதைவிடப் பெரிய விஷயம். ஃபோர்ஜ்டு வீல்கள் பெரும்பாலும் 6061 என்ற அலுமினியக் கலவை, சூட்டால் பலமேற்றிய டி6 பதம். சுமார் 530 டிகிரியில் சூடாக்கி, தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து, அப்புறம் 160 முதல் 177 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்து ஏஜிங் செய்வார்கள். உள்ளே மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து உருவாகும் மிக நுண்ணிய துகள்களில்தான் பலம் இருக்கிறது. மறுபடி சூடு ஏறினால் அந்தத் துகள்கள் பெருத்துவிடும், பலம் குறையும். பத்து டிகிரி கூடினால் இந்த வேலை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் நடக்கும்.

உலோகம் 180 டிகிரியில் இருபது நிமிடம் இருந்தால் பெரிய நஷ்டமில்லை, இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஓவன்கள் கேட், ஜன்னல் கிரில், பம்ப் பாகங்களுக்காகக் கட்டியவை. மீட்டர் 200 காட்டும்போது பர்னர் பக்கம் 230 இருந்தால் இரும்புக்கு ஒன்றும் ஆகாது. வீலுக்கு ஆகும். நடுப்பகுதி தடிமனாக இருக்கிறது, பவுடர் வேகவில்லை என்று இன்னும் அரை மணி நேரம் விட்டால், மெல்லிய விளிம்பு அவ்வளவு நேரமும் வெந்துகொண்டே இருக்கும். நிறம் பிடிக்கவில்லை என்று இரண்டாவது, மூன்றாவது முறை அடித்தால் எல்லாச் சூடும் கணக்கில் கூடும்.

புது வீலுக்கே கம்பெனியில் பவுடர் அடிக்கிறார்களே என்று கேட்பீர்கள். அடிக்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் அந்த வீலின் முழுச் சரித்திரமும் இருக்கிறது, அந்தச் சூட்டையும் சேர்த்தே ஏஜிங்கைத் திட்டமிட முடியும். பழைய வீல் ஏற்கெனவே எத்தனை தடவை ஓவனுக்குள் போனது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்பது ஒன்று. பழைய பெயிண்டை எடுக்க வீலை எரிப்பு ஓவனில் போடாதீர்கள். 350, 400 டிகிரி என்பது அலுமினியத்தை மென்மையாக்கும் சூட்டுக்கு மிக அருகில். டி6 பதத்தில் 6061 நிரந்தரமாக வளைய ஆரம்பிப்பது சுமார் 276 மெகாபாஸ்கல் அழுத்தத்தில். முழுக்க மென்மையாகிவிட்டால் வெறும் 55. ஃபோர்ஜிங்கின் பலத்தை நம்பித்தான் ஸ்போக்கை அவ்வளவு மெல்லியதாகச் செய்திருக்கிறார்கள். பலம் போன வீல் வெளியே பார்க்க அப்படியேதான் இருக்கும். டிராக் ஓரத்து மேடான கெர்ப் மேல் ஏறும்போதுதான் தெரியும். காஸ்டிக் சோடாவும் வேண்டாம், அது அலுமினியத்தையே தின்றுவிடும். அலுமினியத்துக்கென்றே உள்ள ஸ்ட்ரிப்பர் போதும். பிளாஸ்டிங்கும் முரட்டு மணலில் வேண்டாம்.

என் வீல்களை அப்படித்தான் சுத்தம் செய்து, ஒரு பவுண்டரி நண்பரிடம், சாயம் ஊறவைத்து விரிசலைக் கண்டுபிடிக்கும் டிபி (டை பெனிட்ரன்ட்) டெஸ்டுக்குக் கொடுத்தேன். நம் ஊரில் இது அன்றாட வேலை. சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தார். ஒரு வீலில், ஸ்போக் விளிம்போடு சேரும் இடத்தின் பின்பக்கம், மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று மெதுவாக எழுந்தது. இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். கோட்டிங்கால் வந்த விரிசல் என்று சொல்ல மாட்டேன், முன்பே இருந்திருக்கலாம். ஆனால் அதன் மேல் அழகான கறுப்புப் போர்வை போர்த்தியிருந்தது. அந்த வீலில்தான் நான் நேர்ப்பாதையின் முடிவில் முழு பிரேக் பிடித்தேன்.

ஆகவே, டிராக்குக்கு என்று யார் வீல் கொண்டுவந்தாலும், பெயிண்ட் எடுத்ததும் டிபி டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். கோவித்துக்கொண்டு போகிறவர் போகட்டும். அப்புறம், ஓவன் மீட்டரை நம்பாமல், சூட்டை அளக்கும் கம்பியான தெர்மோகப்பிளை வீலின் மேலேயே வைத்து, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை அந்த வீலைத் தொடுகிறவருக்கு அந்த ஒரு வரிதான் ஆதாரம்.

விரிசல் விட்டதை உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு வேறு ஒன்று தேடிப் பிடித்திருக்கிறேன். நாலும் டெஸ்ட் முடிந்து வீட்டில் இருக்கின்றன. எந்தப் பட்டறை இப்படிச் செய்து தரத் தயாரோ, தெர்மோகப்பிளோடு நானே வருகிறேன்.

அன்புடன்,
செட்டிபாளையம் டிராக்கில் ஓட்டும் உங்கள் வாடிக்கையாளன்