பொதுவெளியில் இருந்ததும் எங்களுக்குத் தெரிந்ததும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய நிறுவனங்களிடம் பாக்கி சிக்கி நலிந்துபோன சிறு தொழிற்கூடங்களைப் பற்றிக் கடந்த திங்கட்கிழமை வணிகப் பக்கத்தில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், "அனைத்தும் பொதுவெளியில் இருந்தன, பார்க்கத் தவறியது அவர்கள் குற்றம்" என்று ஒரு வரி இருந்தது. திருப்பூரில் 26 ஆண்டுகளாக நிட்டிங் ஜாப் ஒர்க், அதாவது பிறர் தரும் நூலைக் கூலிக்குத் துணியாகப் பின்னித் தரும் வேலை, செய்துவரும் எனக்கு, அதைப் படித்த பிறகு காலைச் சாப்பாடு இறங்கவில்லை.

பார்க்கத் தவறியவர்களில் நானும் ஒருவன். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்திடம் ஒன்பது லட்சம் ரூபாய் கூலியை இழந்தேன். அந்த நிறுவனம் தன் சரக்கையும் வரவேண்டிய பாக்கிகளையும் வங்கிக்கு ஈடாக எழுதிக் கொடுத்து, சட்டப்படி 30 நாட்களுக்குள் அந்த ஈட்டை 'சார்ஜ்' என்று பதிவும் செய்திருந்தது. இரண்டு இயக்குநர்கள் விலகியதற்கான படிவமும் முறையாகத் தாக்கலாகியிருந்தது. நிறுவனம் தள்ளாடுவதைக் காட்டியிருக்கக்கூடிய இவை எல்லாம் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் ஒரு நிறுவனத்தின் ஆவணங்களைப் பார்வையிட 100 ரூபாய் கட்ட வேண்டும், பிறகொரு நாள் மாறியிருக்கிறதா என்று பார்க்க மறுபடி கட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் படத்தில் நெளியும் எழுத்துகளைத் தட்டச்சு செய்து உள்ளே போக வேண்டும். எனக்கு அப்போது வேலை கொடுத்துவந்த பார்ட்டிகள் 14. ஊசி உடைந்த மெஷினைப் பார்ப்பதா, ரோல் எடையைப் பார்ப்பதா, 14 நிறுவனங்களின் படிவங்களைப் பார்ப்பதா என்ற எங்கள் பாட்டைத் தங்கள் கட்டுரையாளர் ஒரு நாள் எங்கள் கூடத்தில் வந்து நின்று பார்த்திருந்தால், அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

அந்த அடிக்குப் பிறகு, சரவணம்பட்டியில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் அண்ணன் மகன், 'சேஞ்ச்டிடெக்‌ஷன்' என்னும் இலவச மென்பொருளைப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நிறுவிக் கொடுத்தான். நாம் குறித்துக் கொடுக்கும் இணையப் பக்கங்களை அது குறிப்பிட்ட நேரத்துக்கொரு முறை எடுத்துப் பார்த்து, முன்பு எடுத்த நகலோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, நீங்கியதையும் சேர்ந்ததையும் வெவ்வேறு நிறத்தில் காட்டி, மின்னஞ்சல் அனுப்பும். முதல் வாரம் எனக்கு உறக்கம் போனதுதான் மிச்சம். பக்கத்தின் அடியில் வருகையாளர் எண்ணிக்கை மாறினாலும், மேலே தேதி மாறினாலும் மாற்றம் என்று அறிவித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தின் எந்தப் பகுதியை மட்டும் கவனிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்த பிறகே அது எனக்குப் பயன்பட்டது. இன்றும் அமைச்சகத் தளத்தின் நெளியும் எழுத்துகளை அது தாண்டுவதில்லை. ஸ்கேன் செய்து ஏற்றிய அறிக்கை என்றால் கோப்பு மாறியது என்று மட்டும் சொல்லும், எந்த வரி மாறியது என்று சொல்லாது. ஆகவே, கருவி இருக்கும்போது இவர்களுக்கு என்ன குறை என்று அடுத்த வாரம் யாரும் எழுதிவிட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இருந்தும் அது ஒரு முறை என்னைக் காப்பாற்றியது. நான் துணி ஓட்டிக் கொடுக்கும் ஒரு நிறுவனம், தன் தளத்தில் வைத்திருந்த விற்பனையாளர் விதிமுறைகளில், எங்களுக்குப் பணம் தரும் கெடுவான "45 நாட்கள்" என்பதை "90 நாட்கள்" என்று மாற்றியது. எங்களுக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. பக்கத்தின் கீழே இருந்த பழைய தேதியும் அப்படியே இருந்தது. சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது என்கிறது. இரண்டு நகல்களையும் எடுத்துக்கொண்டு போய் அவர்களுடைய கணக்குப் பிரிவில் வைத்த பிறகுதான் என் பில்கள் நகர்ந்தன. நகல் இல்லாமல் போயிருந்தால், எப்போதுமே 90 நாட்கள்தான் என்று சொல்லியிருப்பார்கள்.

இங்கிலாந்தில் உள்ள ஒரு வாங்குநர் நிறுவனத்தைப் பற்றி நான் இதைவிட எளிதாக அறிந்துகொள்கிறேன். கார்டிஃபில் உள்ள கம்பெனிகள் பதிவகத்தின் தளத்தில் அந்த நிறுவனத்தைப் பின்தொடர்வதாகக் குறித்து வைத்தால் போதும், புதிய ஆவணம் தாக்கலானதும் அவர்களே மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். ஆவணத்தைத் திறந்து பார்க்கவும் கட்டணம் இல்லை. நம் நாட்டிலும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களானால், தமக்குள் எழும் முக்கிய நிகழ்வை 12 மணி நேரத்திலும், நிறுவனர்கள் அடகு வைத்த பங்குகளின் அளவைக் காலாண்டு முடிந்து 21 நாட்களிலும் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி விதித்திருக்கிறது. எங்கள் பாக்கியில் பெரும்பகுதி சிக்குவது பட்டியலில் இல்லாத நிறுவனங்களிடம்தான் என்பது தாங்கள் அறியாததல்ல.

இந்த வருத்தம் இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 2012-இல் பெருந்துறையில், மக்களிடம் முதலீடு வாங்கிய ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்தபோதும், தங்கள் பத்திரிகை பணம் கட்டியவர்களின் பேராசையைத்தான் எழுதியது. அதற்கு முந்தைய மாதங்களில் அதே பண்ணைகளின் முழுப்பக்க விளம்பரங்களை வெளியிட்டதும் தங்கள் பத்திரிகைதான். வாரந்தோறும் வந்துகொண்டிருந்த நூல் விலைப் பட்டியலை இடமில்லை என்று நிறுத்தினீர்கள். அதைக் கேட்டு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தங்கள் இணையதளத்தில் வந்த அந்தக் கட்டுரையையும் என் பட்டியலில் சேர்த்திருந்தேன். செவ்வாய் இரவு 9 மணிக்குப் பிறகு "குற்றம்" என்ற சொல் நீங்கி, "கவனக்குறைவு" என்று மாறியிருந்தது. திருத்தப்பட்டது என்ற குறிப்பு எங்கும் இல்லை. இரண்டு நகல்களும் என்னிடம் உள்ளன. நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகை என்பதால், அந்த நிறுவனம் நாட்களை மாற்றியபோது ஏற்பட்டதைவிட இது அதிகமாக வலித்தது.

கோவைக் கம்பெனிகள் பதிவாளருக்கு உட்பட்ட நிறுவனங்களில் அந்த வாரம் பதிவான சார்ஜ்களையும் இயக்குநர் மாற்றங்களையும், நூல் விலைப் பட்டியல் இருந்த அதே கால் பக்கத்தில், திங்கட்கிழமைதோறும் வெளியிட வேண்டுகிறேன். கட்டுரையின் கீழே அது திருத்தப்பட்ட தேதியையும் சேர்த்துவிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
நிட்டிங் தொழில் செய்யும் வாசகர்,
அவிநாசி.