இன்வெர்ட்டர் சிப்பும் பூட்டிய புரோகிராமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்கூரை சோலார் இன்வெர்ட்டர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இன்வெர்ட்டரின் கட்டுப்பாட்டுச் சிப் டிஜிட்டல் ஆகிவிட்டதாலேயே துல்லியமும் நீண்ட ஆயுளும் தாமாக வந்துவிடும் என்ற எண்ணத்தை அது வாசகரிடம் ஏற்படுத்துகிறது. பாலிடெக்னிக்கில் பல ஆண்டுகள் பவர் எலக்ட்ரானிக்ஸ் கற்பித்தவன் என்ற முறையில், அந்த எண்ணம் பாதிதான் சரி என்று கூற விரும்புகிறேன்.

கூடுதல் மின்னழுத்தத்தைத் தடுத்தே குறைக்கும் பழைய நேரியல் (லீனியர்) முறையில் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்தால், உள்ளே வரும் மின்திறனில் பாதிக்கு மேல் வெப்பமாக வீணாகும். ஸ்விட்சிங் முறையிலோ, மின் சுவிட்சாகச் செயல்படும் மாஸ்பெட் என்ற டிரான்சிஸ்டர் வினாடிக்குப் பல்லாயிரம் முறை கடத்தியும் நிறுத்தியும் அனுப்புவதைக் காயிலும் கெப்பாசிட்டரும் சீரான மின்னழுத்தமாக்கிவிடுவதால் இழப்பு மிகக் குறைவு. இப்படி ஒருமுறை கடத்தி நிறுத்தும் ஒவ்வொரு சுற்றிலும் மாஸ்பெட் எவ்வளவு நேரம் கடத்த வேண்டும் என்று முடிவு செய்வதே கட்டுப்பாட்டுச் சிப்பின் வேலை. யு.சி.3842 போன்ற, புரோகிராம் இல்லாத எட்டுக் கால் அனலாக் ஐ.சி.யில் இந்த முடிவு, வெளியே பற்றவைத்த ரெசிஸ்டர், கெப்பாசிட்டர்களின் மதிப்பைப் பொறுத்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சி2000, மைக்ரோசிப்பின் டி.எஸ்.பிக்33 போன்ற டிஜிட்டல் சிப்புகளிலோ மின்னழுத்தம் எண்ணாக அளக்கப்பட்டு, புரோகிராம் கணக்கிட்டுச் சொல்லும் நேரத்தை டைமர் நிறைவேற்றுகிறது.

துல்லியத்தின் சிக்கல் இந்த டைமரில்தான் இருக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓடும் சாதாரண டைமர் எண்ணக்கூடிய மிகச் சிறிய நேர அளவு, அதாவது ஒரு படி, 10 நானோவினாடி. மாஸ்பெட்டை 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயக்கினால் ஒரு சுற்றுக்கு 100 படிகளே கிடைக்கும். 12 வோல்ட்டிலிருந்து இறக்கும்போது படிக்கு 120 மில்லிவோல்ட் என்றாகிறது. 1 வோல்ட்டில் இயங்கும் ஒரு பிராசசர் இதை எப்படித் தாங்கும்? மின்னழுத்தத்தை எண்ணாக அளக்கும் பகுதி காணும் நுணுக்கம் டைமரின் படியைவிடக் கூர்மையாக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: சரியான இடத்தில் நிற்கப் படி இல்லாமல், கட்டுப்பாடு அடுத்தடுத்த இரு படிகளுக்கிடையே ஓயாமல் ஊசலாடிக்கொண்டிருக்கும். இதனால்தான் எஸ்.டி.எம்.32ஜி474 போன்ற சிப்புகளில் 184 பிக்கோவினாடிப் (0.184 நானோவினாடி) படி கொண்ட தனி டைமர் வைக்கிறார்கள். அப்போது மேற்சொன்ன 120 மில்லிவோல்ட் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட்டாகச் சுருங்குகிறது. அளக்கவும் கணக்கிடவும் ஆகும் தாமதமோ வேறு தொல்லை, அனலாக் ஐ.சி.க்கு அது கிட்டத்தட்ட இல்லை.

டிஜிட்டலின் நன்மைகளை நான் மறுக்கவில்லை. சுமை குறைந்தால் இயங்கும் முறையையே மாற்றிக்கொள்வதும், மின்வாரிய இணைப்பு அறுந்தவுடன் இன்வெர்ட்டரை நிறுத்திக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிரைக் காப்பதும், என்ன பழுது நேர்ந்தது என்று குறித்து வைப்பதும் புரோகிராமால் எளிதாகின்றன.

ஆனால் அந்தப் புரோகிராம் பூட்டப்பட்டிருக்கிறது. சென்ற ஆண்டு என் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் இடி மின்னலுக்குப் பின் நின்றுபோனது. திறந்து பார்த்ததில் கட்டுப்பாட்டுச் சிப் மட்டுமே போயிருந்தது. 3842 என்றால் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிப் பற்றவைத்தால் அன்றே வேலை முடிந்திருக்கும். இதிலும் அதே எண்ணுள்ள சிப் விலைக்குக் கிடைத்தது. ஆனால் அது புரோகிராம் பதியாத வெற்றுச் சிப். சர்வீஸ் சென்டரில் புரோகிராமைத் தர மறுத்து, முழு போர்டையும் மாற்றச் சொன்னார்கள். அதன் விலை புதிய இன்வெர்ட்டர் விலையில் பாதியைத் தொட்டது.

நகல் எடுப்பார்கள் என்ற நிறுவனங்களின் அச்சம் நியாயமானதே. பாதுகாப்பு விதிகள் அடங்கிய புரோகிராமைக் கண்டவர் திருத்துவதும் ஆபத்துதான். நான் கேட்பது மூல நிரலை அல்ல. சங்கேதமாக்கிய புரோகிராமை வாங்கிச் சிப்புக்குள்ளேயே பிரித்துப் பதியும் வசதி இன்று பரவலாக உண்டு. அப்டேட்டுகளை நிறுவனங்கள் இப்படி அனுப்பவும் செய்கின்றன. சங்கேதத்தைப் பிரித்துப் பதியும் அந்தச் சிறு புரோகிராம் மட்டும் பதிந்த மாற்றுச் சிப்பை உதிரிபாகமாக விற்றால், ரகசியமும் காக்கப்படும், போர்டும் குப்பைக்குப் போகாது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய துறைகளை எடுத்துக்கொண்டது. சோலார் இன்வெர்ட்டர்களும் சோலார் பம்பு கன்ட்ரோலர்களும் இவற்றுள் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும். புரோகிராம் பதிந்த மாற்றுச் சிப்பையும் பழுதுக் குறியீடுகளின் பட்டியலையும் உத்தரவாதக் காலம் முடிந்த பின்னும் நியாயமான விலையில் வழங்குவதை நிறுவனங்களின் கடமையாக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
கோயம்புத்தூர்.