கடலில் கலக்கும் நீர் வீணல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

அணை நிரம்பி மதகு திறக்கும்போதெல்லாம் ‘இவ்வளவு தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது’ என்று செய்தி வருகிறது. அந்த ‘வீணாக’வை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். ஆற்றுநீர் கடலுக்குப் போய்ச் சேராவிட்டால் முகத்துவாரத்தில் உப்புநீர் உள்ளே ஏறுகிறது, வண்டல் வராமல் கரை அரிக்கிறது, அங்கே குஞ்சாக வளர வேண்டிய மீனும் இறாலும் குறைந்துபோகின்றன. சீனாவின் மஞ்சள் ஆறு 1997-இல் 226 நாட்கள் கடலைத் தொடவே இல்லை. அதைச் சேமிப்பு என்று யாராவது சொல்வார்களா?

ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மை, அதாவது ஆற்றையும் அதன் எல்லாத் தேவைகளையும் சேர்த்துப் பார்த்து நீரைப் பகிர்வது என்று திட்டங்களில் எழுதுகிறார்கள், ஆனால் பாசனம், குடிநீர், தொழிற்சாலை, மின்சாரம் என்று எல்லாருக்கும் பங்கு போட்டுவிட்டு மிஞ்சினால் ஆற்றுக்கு என்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. வறட்சியில் என்ன மிஞ்சும்? தென்னாப்பிரிக்கா 1998-இல் கொண்டுவந்த தேசிய நீர்ச் சட்டத்தில் மக்களின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் உயிரோட்டத்துக்கும் வேண்டிய நீரை முதலில் எடுத்து வைக்கச் சொன்னார்கள், அப்புறம்தான் மற்றவர்களுக்கு. நடைமுறைப்படுத்துவதில் அங்கேயும் சிரமம் இருக்கிறது. ஆனாலும் வரிசை அதுதான் சரி.

‘சரி, பத்து சதவீதம் விட்டால் போதாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. 1976-இல் டெனன்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுத்த முறையில், சராசரி ஓட்டத்தில் 10 சதவீதம் என்பது பெரும்பாலான நீர்வாழ் உயிர்கள் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கத்தான். அதையே வருடம் முழுக்க ஆற்றின் பங்கு என்று வைப்பது அநியாயம்.

அளவைப் போலவே நேரமும் முக்கியம், இதை யாரும் பேசுவதே இல்லை. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணைக்குக் கீழே சில பூச்சிகள் நீர் விளிம்பில், கல்லின் மேல் முட்டையிடுகின்றன. மின்தேவைக்கு ஏற்ப அணையில் நீரைக் கூட்டிக் குறைப்பதால் சில மணி நேரத்தில் ஆறு இறங்கிவிடுகிறது, கல்லில் ஒட்டிய முட்டைகள் அப்படியே காய்ந்துபோகின்றன, அப்புறம் மீனுக்கு இரை ஏது? 2018-இல் மே முதல் ஆகஸ்ட் வரை சனி, ஞாயிறுகளில் மட்டும் நீரைக் குறைவாக, ஒரே சீராக விட்டுப் பார்த்தார்கள். அந்த இரண்டு நாளில் தாழ்ந்த விளிம்பில் இட்ட முட்டைகள், மற்ற நாட்களில் நீர் அதற்கு மேலேயே இருப்பதால், நீருக்கடியிலேயே இருக்கட்டும் என்பதுதான் யோசனை. ஆண்டு முழுவதற்கும் விடும் மொத்த நீரில் மாற்றமில்லை, விடும் விதத்தைத்தான் மாற்றினார்கள். இவ்வளவு எளிதான ஒன்றைச் செய்து பார்க்கக்கூட நமக்கு மனம் வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, இருப்பு எல்லாம் தினமும் போடுகிறீர்கள். அதோடு அணைக்குக் கீழே ஆற்றில் இன்று எவ்வளவு ஓடுகிறது, இந்த மாதத்தில் எவ்வளவு ஓட வேண்டும் என்ற இரண்டு எண்களையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்