பல்செட்டும் மஞ்சள் தண்ணீரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், பல்செட்டை மூலிகை கொண்டு கிருமி நீக்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்று தொடங்கியிருந்தார் கட்டுரையாளர். சொன்னவர்கள் பல்லுக்குத்தான் சொன்னார்கள், பல்செட் செய்யும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்குக்குச் சொல்லவில்லை. (அதில் வரும் வேல் கருவேலமரம்; கட்டுரையில் உள்ளபடி வேம்பு அல்ல. அது வேறு வழக்கு.)

எனக்கு 72 வயது. பெங்களூரு தூரவாணி நகர் தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேல்வரிசைக்கு முழு பல்செட் போட்டு ஆறு வருடமாகிறது. வேம்பு, மஞ்சள் என்று மூலிகையில் ஊறப்போடச் சொன்ன கட்டுரையின் யோசனையையெல்லாம் போன வருடமே செய்து பார்த்துப் பட்டவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரையைத்தான் முதலில் வாங்கிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலை வேலைக்குக் கிடைக்கும் இ.பி.எஸ். பென்ஷனில் அது கட்டுப்படியாகவில்லை. என் மச்சான் அல்சூர் கடைவீதியில் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். மேலே ஐந்து செடிகளின் படம், ‘100 சதவீதம் மூலிகை’ என்று பெரிய எழுத்து. எது எவ்வளவு கலந்திருக்கிறது, எத்தனை நிமிடம் ஊற வேண்டும் என்று தேடினால் ஒரு வரி கிடையாது. கிராம்பு வாசனை மட்டும் தூக்கலாக இருந்தது. அது தீர்ந்ததும், இதை நாமே செய்துகொண்டால் என்ன என்று தோன்றியது. வேப்பிலையைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு அதில் ஊறப்போட்டேன். மறுநாள் மதியம் வரை காபி கசந்தது. வேம்பை விட்டு மஞ்சளுக்கு வந்தேன். ராத்திரி டம்ளரில் மஞ்சள் தண்ணீர், காலையில் கழுவி மாட்டிக்கொள்வது. பத்து நாளில் பற்களின் இடுக்கெல்லாம் மஞ்சள் ஏறிவிட்டது. சோப்பு, எலுமிச்சை எதற்கும் அது அசையவில்லை.

தங்கை மகள் சிவாஜி நகர் பக்கம் பல்செட் செய்யும் லேப்பில் வேலை செய்கிறாள். அவளிடம் காட்டினேன். “வேட்டியில ஏறின மஞ்சளே போகாது, இதுல போகுமா மாமா?” என்று சிரித்துவிட்டு, பல்செட்டைத் திருப்பிப் பிடித்தாள். வெளிப்பக்கம் கண்ணாடி போல் மின்னுகிறது. அண்ணத்தில் உட்காரும் உள்பக்கம் மங்கலாக, விரல் வைத்தால் லேசாகச் சொரசொரக்கிறது. அந்தப் பக்கத்துக்கு மெருகு போட மாட்டார்களாம். போட்டால் அண்ணத்தோடு பொருந்தாது. அங்கே நகத்தால் ஒரு கோடு இழுத்தாள். நகத்தில் வெள்ளையாகப் பசை போல ஒட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் வேம்பிலும் மஞ்சளிலும் ஊறியும் அது அங்கேயே இருந்திருக்கிறது.

பல் டாக்டர் கண்ணாடியில் என் அண்ணத்தைக் காட்டினார். பல்செட்டின் விளிம்பு எங்கே முடிகிறதோ அதுவரை அச்சு வைத்த மாதிரி சிவப்பு. வலி இல்லை, எரிச்சல் இல்லை, அதனால் எனக்குத் தெரியவே இல்லை. இந்தச் சிவப்புக்குப் பெரும்பாலும் காரணம் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சையாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும், வாய் உலர்ந்தவர்களுக்கும், ராத்திரியும் பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கும் இது அதிகம்.

கட்டுரையில் விடுபட்டது இந்த இடம்தான். வேம்பு, திரிபலா, கிராம்பு, தேயிலை மர எண்ணெய் எல்லாம் ஆய்வுக்கூடத்தில் இந்தப் பூஞ்சையை அடக்குவது உண்மை. ஆனால் பல சோதனைகளில் பூஞ்சை தனியாகத் தட்டில் வளர்கிறது. பல்செட்டில் அது தனியாக இருப்பதில்லை. எச்சில், உணவுத்துணுக்கு, பாக்டீரியா எல்லாவற்றோடும் சேர்ந்து படலமாக ஒட்டிக்கொள்கிறது. அடிப்பிடித்த பால் பாத்திரத்தில் வெறுமனே தண்ணீர் ஊற்றி வைத்தால் போகுமா? தேய்க்க வேண்டும். பிரேசிலில் ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுத்த கரைசலைப் பல்செட் போட்டவர்களிடமே கொடுத்துப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட சோதனை பெரிய விஷயம். அங்கேயும் படலத்தை எடுப்பதில், ப்ளீச்சில் உள்ள ரசாயனமான சோடியம் ஹைப்போகுளோரைட்தான் முந்தியது.

அதற்காக ரசாயனம் எல்லாம் சாது என்று நான் சொல்ல வரவில்லை. நுரைக்கும் மாத்திரைகளில் உள்ள பெர்சல்ஃபேட் என்ற ரசாயனம் சிலருக்கு ஒவ்வாமை தருகிறது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008-லேயே எச்சரித்தது. ஹைப்போகுளோரைட்டில் 10 நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது. உலோகம் உள்ள பல்செட்டுக்கு அது ஆகவே ஆகாது, அரித்துவிடும்.

டாக்டர் எனக்குச் சொன்னதில் காசு செலவே இல்லை. தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு அதன் மேல் பிடித்து மென்மையான பிரஷ்ஷும் சாதாரண சோப்பும் போட்டு, முக்கியமாக உள்பக்கம், தேய்ப்பது. நழுவினால் தண்ணீரில் விழும், உடையாது. பற்பசை வேண்டாம், அக்ரிலிக்கைக் கீறிவிடும். கீறலில் பூஞ்சை குடியேறும். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும்.

ராத்திரி கழற்ற வேண்டும் என்ற இந்தக் கடைசிச் செய்திக்குக் கட்டுரையில் இடமே கொடுக்கவில்லை. ஜப்பானில் 85 வயதும் அதற்கு மேலும் ஆன 524 பேரைத் தொடர்ந்து பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். கணவர் இருந்த காலத்திலிருந்தே ராத்திரி கழற்றியதில்லை; பல் இல்லாத முகத்தை அவர் பார்த்துவிடுவாரோ என்று. இப்போது அவர் இல்லை, ஆனால் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த அம்மாவிடம் எந்த மூலிகையையும்விட முதலில் சொல்ல வேண்டியது இது. பல்செட்டோடு அந்த அம்மாவுக்குக் கொடுத்த குறிப்புத்தாள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அவருக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது, எழுதுகிறவரிடம் தயவுசெய்து கேளுங்கள்: எத்தனை பேர் வாயில் சோதித்தது, எத்தனை சதவீதக் கரைசல், பல்செட்டின் நிறமும் வழவழப்பும் என்ன ஆனது? மூன்றாவது கேள்விக்கு என்னிடமே பதில் இருக்கிறது. என் பல்செட்டைப் படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இடம் இருந்தால் கலரில் போடுங்கள். கறுப்பு வெள்ளையில் விஷயம் தெரியாது.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
அல்சூர், பெங்களூரு.